பாம்பு தொடாமல் விட்ட எலியை என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

உறைந்த எலியை உருக்கி, சூடேற்றி, இடுக்கியில் நீட்டியாயிற்று. பாம்பு நாலு தடவை நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு மறைவிடத்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. புதிதாகப் பாம்பு வளர்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வீணாகிறதே என்று எலியைத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைப்பவர்கள் உண்டு. பசித்தால் தின்னட்டும் என்று மறுநாள் மாலைவரை கூண்டிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. இரண்டுமே பாம்பைக் கக்க வைக்கும் வழிகள்.

இது பிரிட்டன், கனடா, அமெரிக்கா போல உறைந்த எலி கடையில் கிடைக்கும் நாடுகளில் பால் பைதானோ (ball python, பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) கார்ன் ஸ்நேக்கோ (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வளர்ப்பவர்களுக்கானது. சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க அனுமதியில்லை. இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

1. ஃப்ரீசரைத் திறக்கும் முன் பாம்பைப் பாருங்கள்

மிஞ்சிப்போகும் எலிகளில் பல அன்றைக்கு உருக்கியிருக்கவே கூடாதவை. எலியை எடுப்பதற்கு முந்தைய நாளே இரண்டு நிமிடம் பாம்பைப் பாருங்கள்.

கண் பால் படிந்ததுபோல் நீலம் பாரித்திருக்கிறதா? சட்டை உரிக்கப்போகிறது. அந்த நாட்களில் பார்வை மங்கலாக இருப்பதால் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடாது. சட்டை முழுதாகக் கழன்ற பிறகு கொடுங்கள். கண் தெளிந்துவிட்டதே என்று ஏமாந்துவிடாதீர்கள். கண் தெளிந்தபின் சட்டை கழல இன்னும் சில நாள் ஆகும்.

கூண்டின் சூட்டை ஊகித்துச் சொல்லாமல் அளந்து பாருங்கள். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 வரை இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24 போதும். சூடு குறைந்தால் செரிமானம் நடக்காது. அது பாம்புக்குத் தெரியும், அதனால் தின்னாது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பாம்புக்கு உணவு நீட்ட வேண்டாம். வளர்ந்த ஆண் பால் பைதான் குளிர்காலத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும். அந்தப் பருவத்தில் ஒவ்வொரு வாரமும் எலியை உருக்குவது குப்பைத்தொட்டிக்கு உணவு சமைப்பதுதான்.

அளவும் முக்கியம். எலியின் அகலம் பாம்பு உடலின் தடித்த பகுதியை ஒட்டியோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். பிங்கி எனப்படும் முடி முளைக்காத சுண்டெலிக்குட்டி 1.5 முதல் 3 கிராம், வளர்ந்த சுண்டெலி 18 முதல் 30 கிராம் வரை இருக்கும். போன வாரம் மறுத்த பாம்புக்கு இந்த வாரம் ஓரளவு சிறியதைக் கொடுத்துப் பாருங்கள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நீண்ட இடுக்கி, ஜிப் பைகள், எலிக்கு மட்டும் என ஒதுக்கிய ஒரு சின்ன வாளி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், பேப்பர் டவல், ஒரு தட்டையான பீங்கான் தட்டு, மார்க்கர் பேனா, எறிவதற்கு இரண்டு கெட்டியான பைகள். சமையலறைக் கிண்ணமோ, டம்ளரோ, பாத்திரம் கழுவும் சிங்க்கோ கூடவே கூடாது.

காரணம் சால்மொனெல்லா. உறைய வைத்தால் அந்தக் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். 2014ல் அமெரிக்காவில் பலருக்கு வந்த சால்மொனெல்லா நோய்க்கு மூலம் உறைந்த தீனி எலிகள் என்று கண்டறியப்பட்டது. எலிகளைக் குடும்ப ஃப்ரீசரில்தான் வைத்தாக வேண்டும் என்றால், இறுக மூடிய தனி டப்பாவுக்குள் வையுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பாம்புக்கென ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்குவது ஆடம்பரமில்லை.

ஒவ்வொரு பையிலும் வாங்கிய தேதியை எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் வைத்தாலும் 6 மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாள்பட்டால் எலியின் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை ஏறும், வைட்டமின் ஈ குறையும். காரணமே இல்லாமல் மறுக்கிறது என்று தோன்றும்போது பையின் தேதியைப் பாருங்கள்.

3. உருக்குவதையும் சூடேற்றுவதையும் தனித்தனியாகச் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எலியைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

முதல் கட்டம், உருக்குவது. ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, டப்பாவுக்குள் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு விடுங்கள். சுண்டெலிக்கு 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். தனி ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மூடிய பையோடு வாளியில் குளிர்ந்த நீரில் போடுங்கள். நீரை அரை மணிக்கொரு தடவை மாற்றினால் வளர்ந்த சுண்டெலி ஒரு மணி நேரத்தில் உருகிவிடும். வயிற்றை மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் ஐஸ் இன்னும் இருக்கிறது. அப்படியே விழுங்கினால் பாம்பு கக்கும்.

இரண்டாம் கட்டம், சூடேற்றுவது. இதைப் பாம்பு விழித்து, கூண்டுக்குள் நடமாடத் தொடங்கிய பிறகுதான் செய்ய வேண்டும். 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் பையோடு 3 முதல் 5 நிமிடம். வெளியே எடுத்தால் எலியின் தலையில் 37 முதல் 40 டிகிரி காட்ட வேண்டும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உடனே நீட்டுங்கள்.

பலர் உறைந்த எலியை நேராக வெந்நீரில் போட்டு இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வெளித்தோல் வெந்துபோகும், வயிறு ஐஸாகவே இருக்கும். பாம்பு மறுத்தால் அந்த எலியைக் காப்பாற்ற வழியே இல்லை. குளிரக் குளிர உருக்கி வைத்திருந்தால், பாம்பின் மனநிலை சரியில்லை என்று தெரிந்ததும் சூடேற்றாமலே நிறுத்திக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் வேண்டாம். சூடு ஒரே சீராகப் பரவாது, வயிறு வெடிக்கும், அந்த அடுப்பில் பிறகு நீங்களும் சமைக்க வேண்டியிருக்கும்.

4. நீட்டும்போதும் விட்டுவைக்கும்போதும்

இடுக்கியால் எலியின் முதுகுத் தோலையோ இடுப்பையோ பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி நீட்டுங்கள். முகத்துக்கு நேரே குத்த வேண்டாம், மெல்ல அசைத்தால் போதும். பால் பைதானுக்கு உதட்டில் சூடறியும் குழிகள் உண்டு. அதனால் எலியின் தலை ஆறியிருந்தால் அதற்கு அது இரையாகத் தெரியாமல் போகலாம். தலையை மட்டும் மறுபடி ஒரு நிமிடம் வெந்நீரில் காட்டி ஒரு முறை முயலலாம். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது, அதற்கு வாடைதான் வழிகாட்டி.

10 நிமிடத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பாம்பு கழுத்தை உள்ளிழுத்துப் பந்தாகச் சுருண்டால் பயந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் எலி என்றாலே ஒளிய வேண்டும் என்ற பழக்கத்தைத்தான் உண்டாக்கும்.

வெட்கப்படும் பாம்பாக இருந்தால், எலியைப் பீங்கான் தட்டில் வைத்து, மறைவிடத்தின் வாசலருகே குளிர்ந்த பக்கத்தில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். தட்டு எதற்கென்றால், மரத்தூளும் தேங்காய் நார்த்துகளும் ஈர எலியில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகக் கூடாது. குளிர்ந்த பக்கம் எதற்கென்றால், கூண்டைச் சூடாக்கும் ஹீட் மேட்டின் மேல் வைத்த எலி சில மணி நேரத்தில் உப்பிவிடும்.

இரவு 9 மணிக்கு வைத்தால் காலை 6 மணிக்கு எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். எடுக்கும்போது கையை விட வேண்டாம், இடுக்கியைப் பயன்படுத்துங்கள். எலி வாடை அடிக்கும் கூண்டுக்குள் நுழையும் சூடான கையும் பாம்புக்கு எலிதான்.

5. எது வைக்கத்தக்கது, எது எறியத்தக்கது

எலியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் கொண்டு முடிவு செய்யுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் எலிக்கும் குடலுக்குள் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்த கோழிக்கறியோடு இதை ஒப்பிடக் கூடாது. குடலும் மலமும் உள்ளேயே இருக்கும் முழு உடல் இது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உள்ளே இன்னும் கெட்டியாக ஐஸ் இருக்கும்போதே மனம் மாறிவிட்டதா? திரும்ப வைக்கலாம். பையில் ஒரு குறி போட்டு, அடுத்த முறை இதையே முதலில் எடுங்கள்.

ஃப்ரிட்ஜில் முழுதாக உருகி, பையைத் திறக்காமல், சூடேற்றாமல் இருக்கிறதா? 4 டிகிரியில் இன்னும் ஒரு நாள் தாங்கும். மறுநாள் மாலை நீட்டிப் பாருங்கள். அன்று மறுத்தால் குப்பைதான்.

வாளி நீரில் உருக்கியதா? அன்று மாலையே கொடுக்க வேண்டும், மறுநாளுக்கு எடுத்து வைக்க முடியாது. வெளித்தோல் ஏற்கெனவே நீரின் சூட்டுக்கு வந்து நேரமாகிவிட்டது.

வெந்நீரில் சூடேற்றியதா? அந்த வேளையோடு அதன் கதை முடிந்தது. அதே மாலையில் 2 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை நீட்டலாம். ஃப்ரிட்ஜுக்கும் போகக்கூடாது, ஃப்ரீசருக்கும் போகக்கூடாது. கூண்டில் இரவு கிடந்ததற்கும் இதே விதி.

முழுதாக உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் என்ன ஆகும்? உறையும்போது திசுவின் நீர் ஊசி ஊசியாகப் படிகமாகி உயிரணுச் சவ்வுகளைக் கிழிக்கும். இரண்டாவது முறை உருகும்போது சதை கூழாகி, பாம்பு இறுக்கும்போது வயிறு கிழிந்து கூண்டெல்லாம் சிதறும். அதைவிட மோசம், முதல் முறை உருகியபோது பெருகிய கிருமிகள் அப்படியே உறைந்து, அடுத்த முறை அந்த எண்ணிக்கையிலிருந்து மேலே பெருகத் தொடங்கும். அதைத் தின்ற பாம்பு 2, 3 நாளில் கக்கினால், ஒரு மறுப்பு ஒரு மாதச் சிக்கலாக வளர்ந்துவிடும். ஓர் எலியின் விலையையும் மருத்துவரின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயிறு பச்சை அல்லது நீலம் பாரித்திருந்தால், உப்பியிருந்தால், விரலால் தேய்த்தவுடன் முடி கையோடு வந்தால், நேரக்கணக்கு எதுவும் பார்க்காமல் எறியுங்கள்.

6. இன்னொரு பாம்புக்குக் கொடுக்கலாமா?

ஒன்றுக்கு மேல் பாம்பு வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. செய்யலாம், ஆனால் வரிசை தெரிந்து செய்ய வேண்டும். அடம்பிடிக்கும் பாம்புக்கு முதலில் நீட்டுங்கள். எதைக் கொடுத்தாலும் தின்னும் பாம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறுத்தது அதற்குப் போகட்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் அளவில் எலி வாங்கி வைத்தால்தான் இது நடக்கும்.

இரண்டு பாம்பும் பல மாதமாக ஆரோக்கியமாக ஒரே அறையில் இருக்க வேண்டும். எலி இடுக்கியிலேயே இருந்திருக்க வேண்டும். முதல் பாம்பு ஒரு கடி கடித்து விட்டதையும், அதன் கூண்டுத் தரையில் கிடந்ததையும் மாற்றிக் கொடுக்காதீர்கள். மலைப்பாம்புகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் நிடோவைரஸ் எச்சிலில் இருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மலத்தால் பரவும், அதைப் பாம்பின் உடலிலிருந்து ஒழிப்பது மிகக் கடினம்.

புதிதாக வந்து 90 நாள் தனிமையில் இருக்கும் பாம்பு மறுத்த எலி வேறெங்கும் போகக் கூடாது. அந்தப் பாம்புக்கு எப்போதும் கடைசியாகக் கொடுங்கள், தனி இடுக்கியால் கொடுங்கள்.

மருந்து ஏற்றிய எலி என்றால் பேச்சே இல்லை. அதிலுள்ள குடற்பூச்சி மருந்தின் அளவு அந்த ஒரு பாம்பின் எடைக்கு நிறுத்தது.

கிங் ஸ்நேக் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது மற்ற பாம்புகளைத் தின்னும் இனம். கார்ன் ஸ்நேக் வாடை ஏறிய எலியை நீட்டினால் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும். இடுக்கி நீளமாக இருக்கட்டும், முதலில் கையைக் கழுவுங்கள்.

7. எறியும் முறை

எலியை ஒரு பையில் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். குப்பை வண்டி நாளை வருகிறது என்றால் பொதுக் குப்பையில் போட்டுவிடலாம். வர நாலைந்து நாள் இருந்தால், கோடைக்காலத்தில் தொட்டியே நாறும். பையின்மேல் பெரிதாகக் ‘குப்பை’ என்று எழுதி, ஃப்ரீசரில் தனி டப்பாவில் வைத்து, குப்பை நாளன்று காலை எடுத்துப் போடுங்கள். எழுதாமல் வைத்தால் மூன்று வாரம் கழித்து நீங்களே அதை உருக்குவீர்கள். வீட்டில் வேறு யாராவது பாம்புக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய் அடைக்கும். தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் நரியோ நாயோ தோண்டும். காக்கை தின்னட்டும் என்று வெளியே வைப்பதும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பூனைதான் முதலில் வரும்.

8. உயிருள்ள எலி மிஞ்சிவிட்டால்

உயிருள்ள எலி கொடுப்பது பரிந்துரைக்கத்தக்க முறையில்லை. ஆனால் உறைந்ததைத் தொடாத பாம்புக்குச் சிலர் கொடுக்கிறார்கள், மறுத்தால் அங்கேதான் உண்மையான ஆபத்து. பசிக்கும் எலி, சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகைக் கொறிக்கும். பசியில்லாத பாம்பு எதிர்க்கக்கூடச் செய்யாது. எலும்பு தெரியும்வரை கடிபட்டு, கண்ணை இழந்து சிகிச்சைக்கு வரும் பாம்புகள் இப்படி ஓர் இரவில் ஆனவைதான்.

15 நிமிடம். அதற்குள் தாக்கவில்லையென்றால் எலியை வெளியே எடுங்கள். அந்த 15 நிமிடமும் அறையைவிட்டு நகராதீர்கள். எலியை வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் தோல் உரியும். ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டில் இன்னொரு வளர்ப்புப் பிராணி இருக்கிறது. எலியை வாங்குவதற்கு முன்பே அதற்கு இடம் தயாராக இருக்க வேண்டும்: காற்றுத் துளையுள்ள, தாவிக் குதிக்க முடியாத தொட்டி, காகிதத் துகள் படுக்கை, எலித்தீனி, தண்ணீர்ப் புட்டி, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. பாம்பு இருக்கும் அறையில் வைக்காதீர்கள். நாள் முழுதும் எலி வாடை அடித்தால் பாம்பும் நிம்மதியாக இருக்காது, எலியும் இருக்காது.

பெண் சுண்டெலி கடையிலேயே சினைப்பட்டிருக்கலாம். 19 முதல் 21 நாளில் குட்டி போட்டுவிடும். இரண்டு வளர்ந்த ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். வாங்கும்போதே, மறுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டுவிடுங்கள். பல கடைகள் நோய் பரவும் என்று வாங்க மாட்டார்கள்.

தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். கூண்டில் பிறந்த எலிக்கு வெளியே பிழைக்கத் தெரியாது, பிழைத்தால் ஊருக்குத் தொல்லை. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கொடுமை. கருணைக்கொலைக்கு ஏற்ற முறையாக அதைக் கால்நடை மருத்துவர்கள் ஏற்பதில்லை. உலர் பனிக்கட்டியை வைத்து வீட்டில் கரியமில வாயு உண்டாக்கும் வித்தையும் அப்படியே. வாயுவின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் எலி திணறித் துடிக்கும். வளர்க்க முடியாது என்றால் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

எலி கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். அடுத்த நாட்களில் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் எலிக்கடி பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள். சுண்டெலிகள் எல்சிஎம் என்ற வைரஸைச் சுமக்கக்கூடும், அது கருவைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பிணிகள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

9. கழுவுவது

இடுக்கி, தட்டு, வாளி மூன்றையும் முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகுதான் கிருமிநாசினி. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊறவிட்டு அலசிக் காயவையுங்கள். கொழுப்பும் இரத்தமும் ஒட்டிய பொருளில் நேராக ப்ளீச் ஊற்றினால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே வீரியம் இழக்கும். ப்ளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள்.

கழுவிய நீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். கையைச் சோப்பால் 20 விநாடி கழுவுங்கள். சானிடைசர் இதற்கு ஈடாகாது.

10. அடுத்து எப்போது நீட்டுவது?

நாளைக்கே இல்லை. குட்டிப் பாம்புக்கு 5 முதல் 7 நாள், வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாள் இடைவெளி விடுங்கள். இடையில் பாம்பைக் கையில் எடுக்காமல், சூட்டையும் மறைவிடத்தையும் சரிசெய்யுங்கள். அடுத்த முறை ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்: நேரம், எலியின் அளவு, சூடு, இவற்றில் ஒன்று. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், தின்றாலும் எதனால் தின்றது என்று தெரியாது.

ஒரு நோட்டில் தேதி, எலியின் எடை, எத்தனை மணிக்கு நீட்டியது, தின்றதா, கண்ணின் நிறம், பாம்பின் எடை எல்லாவற்றையும் எழுதுங்கள். பாம்பை வாரம் ஒரு முறை சமையலறைத் தராசு போன்ற, ஆனால் சமையலுக்குப் பயன்படுத்தாத தராசில் நிறுங்கள். எடை நிற்கிற வளர்ந்த பால் பைதான் இரண்டு மாதம் தின்னாவிட்டாலும் பதற வேண்டாம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், வாயில் சளியோ நுரையோ தெரிந்தால், மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

விழுங்கிக் கக்கிய எலி இந்தக் கணக்கில் சேராது. அதைக் கழுவாமல் பையில் போட்டுக் கட்டி, டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் குளிரூட்டி, அன்றோ மறுநாளோ அந்த நோட்டோடு மருத்துவரிடம் கொடுங்கள். பாம்புக்குத் தண்ணீர் மட்டும் வைத்து, குறைந்தது 10 முதல் 14 நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வழக்கத்தில் பாதி அளவு எலியில் தொடங்குங்கள்.